கலெக்டர் என்கிற ஆட்டை நான் கண்டுபிடித்தது

நம் இதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷம் இதே சிறுவர் மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்து, பார்வை மங்கி, ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், சரியாகச் செய்த வேலை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வர மாட்டேன் என்கிறது. சொதப்பியதெல்லாம் அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன் என்பது வரை ஞாபகம் இருக்கிறது. அதனால் சொதப்பியதில் ஒன்றைச் சொல்லுகிறேன். பக்கம் எப்படிக் கட்டுவது, படம் எங்கே வைப்பது என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். கால் நடுங்கும்போது என்ன செய்வது என்பதுதான் யாரும் சொல்லித் தராதது.

நம் இதழ் நிற்பது ஒரே ஒருவரின் தொடர்கதையில் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். விளாத்திகுளத்துப் பக்கம் மிளகாய் வெள்ளாமை செய்கிற அக்காதான் அவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்று இருபது வருஷமாக இரண்டு பேரும் பேசி முடிக்கவில்லை. அவர் கதை வந்தால் பள்ளிக்கூடங்களில் இதழைப் பிடுங்கிப் படிப்பார்கள். ஒரு மாதம் வராவிட்டால் நம் இதழில் மிச்சம் இருப்பது குறுக்கெழுத்துப் போட்டியும், என்னுடைய ‘அறிவோம் அறிவியல்’ பக்கமும்தான். அந்தப் பக்கத்தை நானே இரண்டாம் தடவை படித்ததில்லை.

சேர்ந்த புதிதில் அவருடைய எழுத்தைத் திருத்தியவன் நான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கதையில், ‘ஆடு வந்தது. நின்றது. பார்த்தது. போனது.’ என்று எழுதியிருந்தார். எனக்குத் தமிழ் படித்த திமிர். நாலையும் சேர்த்து, ‘ஆடு வந்து நின்று பார்த்துவிட்டுச் சென்றது’ என்று கட்டி அனுப்பிவிட்டேன். இதழ் வந்த மறுநாள் போன்.

“அண்ணாச்சி, எங்க ஆடு வந்து நின்னப்ப, பிள்ளைக அது பயிர்ல வாய வைக்குமா வைக்காதான்னு பாத்துக்கிட்டு இருக்கும். உங்க ஆடு பஸ்ஸப் பிடிக்கப் போறதுமாதிரி போயிட்டு. அதுக்கு அப்படி என்ன அவசரம்?”

அன்றோடு திருத்துவதை விட்டேன். விட்டவன் சும்மா இருந்திருக்கலாம். அவர் எப்படி எழுதுகிறார் என்று கவனிக்கத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் இருக்காது. பக்கத்துக்கு ஒரு தடவை யாராவது எதையாவது தின்பார்கள். பெரியவர்கள் வாயில் எப்போதும் வெற்றிலை கிடக்கும், அதனால் நீளமாகப் பேச மாட்டார்கள். அத்தியாயம் முடிகிற இடத்தில் யாராவது ஒரு காலைத் தூக்கி இருப்பார்கள், கீழே வைத்திருக்க மாட்டார்கள். இப்படி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பத்து வருஷத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. அக்காவின் கை எனக்கு வந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு மிதப்பு. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷத் தொடரில் பேச்சி என்று ஒன்பது வயதுப் பெண். அவளுக்கு ஒரு கிடா. எங்கே போனாலும் முன்னால் போய் நிற்கும், யார் சொன்னாலும் நகராது என்பதால் அதற்குக் கலெக்டர் என்று பேர். பதினோராவது அத்தியாயத்தின் கடைசியில் கலெக்டர் கோவில்பட்டி ஸ்டேஷனில் நின்ற சரக்கு ரயிலில் ஏறிவிட்டது. ரயில் நகர்ந்துவிட்டது. நடைமேடை விளிம்பில் பேச்சி ஒரு காலைத் தூக்கி நிற்கிறாள். தொடரும்.

பன்னிரண்டாவதுதான் முடிவு. நம் முதலாளி, கடலைமிட்டாய்க் கம்பெனியும் வைத்திருப்பவர், ‘கலெக்டர் கிடைத்ததா? முடிவு இந்த இதழில்’ என்று போஸ்டர் அடித்துக் கடைக்குக் கடை ஒட்டிவிட்டார். பள்ளிக்கூடங்கள் கூடுதல் பிரதி கேட்டிருந்தன.

அந்த மாசியில் பார்த்து மழை பெய்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வத்தல் நனைந்தால் வெள்ளை விழுந்துவிடும், அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள். அக்கா ஒரு வாரம் போனையே எடுக்கவில்லை. இதழ் அச்சுக்குப் போக வேண்டிய அன்று காலையில் அவரே கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இந்த மாசம் தர ஏலாது. அடுத்த மாசம்னு போட்டுருங்க.”

“எழுதலையாக்கா?”

“எழுதியாச்சு. பிள்ளைகளுக்கு இன்னும் படிச்சுக் காட்டலை.”

இது அவருடைய வழக்கம். மிளகாய் பழம் பறிக்க வருகிறவர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை களத்தில் விளையாடும். அதுகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டாமல் ஒரு அத்தியாயமும் அவர் வீட்டை விட்டு வெளியே வராது. மழையில் பறிப்பு நின்றது, பிள்ளைகளும் வரவில்லை.

“கையில இருக்கதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா. நான் படிச்சுப் பாக்குதேன்.”

“உங்களுக்கு எத்தன வயசு அண்ணாச்சி?”

“ஐம்பது.”

“பெறகு?”

அதற்குமேல் வாதாட முடியவில்லை. “சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். தம்பி, தங்கைகளே, நம் தொழிலில் ‘பாத்துக்கிடுதேன்’ மாதிரி ஆபத்தான சொல் வேறு இல்லை. அது எப்படி வேண்டுமானாலும் அர்த்தமாகும். அவர் ‘அறிவிப்புப் போட்டுவிடுவான்’ என்று எடுத்துக்கொண்டார். நான் அப்போது எதையும் எடுத்துக்கொள்கிற நிலையில் இல்லை.

முதலாளி மிட்டாய்க் கம்பெனியில் இருந்தார். பக்கத்தில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னவே, ஆடு வந்துட்டா?”

“அடுத்த மாசம்தான் வரும் மொதலாளி.”

“போஸ்டர் இந்த மாசம்னு சொல்லுதே.”

“அறிவிப்புப் போட்டுருவோம். மழை…”

“மழைக்கும் ஆட்டுக்கும் என்னவே சம்பந்தம்? ஆடு ரயில்லல்லா இருக்கு.” கரண்டியால் பாகைத் தொட்டுப் பார்த்தார். “எங்கிட்ட மாஸ்டர் ஒருநாள் வரலைன்னா நான் கடைய மூடுதேனா? அதே கடலை, அதே வெல்லம், அதே பதம். யாரு கிண்டுனா என்ன? நீரு பத்து வருஷமா நோட்டுல எழுதிக்கிட்டுத்தான இருக்கீரு?”

நோட்டு விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்தேன். திகைப்பு அடங்கும் முன்னால், உண்மையைச் சொல்லுகிறேன், உள்ளுக்குள் ஒரு குஷி. இவ்வளவு நாள் கழித்து ஒருத்தர் கேட்டுவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் நடுவில் பன்னிரண்டாவது அத்தியாயத்தை எழுதி முடித்தேன். ஐந்து சொல்லுக்கு மேல் வாக்கியம் இல்லை, எண்ணியே பார்த்தேன். மூன்று இடத்தில் தின்பண்டம். ஒரு இடம் போதும், பயத்தில் மூன்று வைத்துவிட்டேன். கலெக்டர் அடுத்த ஸ்டேஷனில் கிடைத்துவிட்டது. பேச்சி ஓடினாள். ஆடு நின்றது. பேச்சி பார்த்தாள். ஆடும் பார்த்தது. பேச்சி கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய அப்பா, வாயில்லா ஜீவன்களிடம் நாம் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி அரைப் பக்கம் பேசினார். அந்த அரைப் பக்கத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. டீ கொண்டுவந்தவர், “யாரும் தவறிட்டாங்களா சார்?” என்று கேட்டார். ஐந்து மணிக்கு அச்சுக்குப் போய்விட்டது. அடியில் அக்காவின் பேர்.

இதழ் வந்தது, எல்லாம் விற்றது. முதலாளி ஒரு டப்பா கடலைமிட்டாய் கொடுத்தனுப்பினார். அச்சில் வந்த தன் கதையை அக்கா படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் எப்படியாவது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்போதுதான் கழுகுமலையிலிருந்து ஒரு நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். வாசகர் சந்திப்பு வைத்திருக்கிறார்களாம். அக்காவிடம் நேராகவே பேசிவிட்டார்களாம். அவர் வருவதாக ஒப்புக்கொண்டாராம். என்னையும் மேடையில் உட்காரச் சொன்னார்கள்.

“நிகழ்ச்சியில என்னென்ன இருக்கு டீச்சர்?” என்றேன்.

“ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு கடைசி அத்தியாயத்த வாசிக்கும் சார். முழுசா.”

அக்காவுக்குத் தெரிந்தால் பேரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பதினைந்து வருஷத்துப் பழக்கம் போகும், அவர் போனால் இதழும் போகும், அதோடு நானும். என் மனைவியிடம் சொன்னேன். “முதல்ல அவியகிட்டச் சொல்லுங்க” என்றாள். பொம்பளைகளுக்கு எல்லாமே சுலபமாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, கழுகுமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, முதல் அத்தியாயத்தை வாசித்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றேன். பிள்ளை மனப்பாடமே பண்ணிவிட்டது சார் என்றார்கள். அக்காவுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். வாசிக்கப்போவது பிள்ளைதானே என்றார்கள். அந்தத் தலைமையாசிரியை மாதிரி ஒரு ஆள் நம் ஆபீசில் இருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அக்கா விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கழுகுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் ஊரைத் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊரைத் தாண்டியது. அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்ததிலும் தள்ளிப்போட்டேன்.

“பாதி வத்தல் போயிட்டு அண்ணாச்சி” என்று அவர் வெளியே கரிசல் காட்டைப் பார்த்தபடி சொன்னார். “மீதியக் காப்பாத்திட்டேன். நீங்க எப்படியோ மொதலாளியச் சமாளிச்சிட்டீங்க. அதுவே பெரிய காரியம்.”

“ஆமாக்கா.”

“ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

“ஜன்னல் சீட்டு இல்லைல்லாக்கா.”

அவர் எழுந்து எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். அதோடு என்னால் வாயைத் திறக்கவே முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், காற்றுக்கூடச் சுடும்.

மேடையில் அக்கா நடுவில், நான் பக்கத்தில். ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து மைக்கைப் பிடித்தது. மயங்கி விழுந்துவிடலாமா என்று நிஜமாகவே முயற்சி செய்தேன். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தேன். வரவில்லை. என் உடம்புக்கு வராத வியாதி இல்லை. வேண்டும்போது மட்டும் ஒன்றும் வராது.

பிள்ளை வாசித்தது. முதல் வரியிலேயே அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதன்பிறகு வாசிக்கிற பிள்ளையையோ என்னையோ பார்க்கவே இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த இருநூறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வேறு வழியில்லாமல் அங்கே பார்த்தேன். ஆடு கிடைத்த இடத்தில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அப்பா அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முன்வரிசை பூராவும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிய அதே இடத்தில் பின்னால் யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவி இன்னும் என் காதில் கேட்கிறது.

வாசித்து முடித்ததும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கை தட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றார் தலைமையாசிரியை. இரட்டைச் சடைப் பிள்ளை ஒன்று எழுந்தது.

“பேச்சி எதுக்கு அழுதா?”

பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னது: “பேச்சி அழ மாட்டா. பாம்பப் பாத்தப்பவே அழல.”

“அவ அப்பா இவ்வளவு நேரம் பேச மாட்டாரு. வாய்ல வெத்தல கெடக்கும்லா?”

“துப்பிட்டுப் பேசியிருப்பாரு.”

“துப்புனதா எழுதலையே.”

கொஞ்ச நேரம் அவர்களுக்குள்ளேயே வழக்கு நடந்தது. கடைசியில் இரட்டைச் சடை மறுபடியும் எழுந்தது.

“இத நீங்க எழுதலல்லா?”

தலைமையாசிரியை, “ஏட்டி, உக்காரு” என்றார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மைக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். “கேக்குதாங்கள்லா, அண்ணாச்சி.”

என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. அச்சகத்தில் பக்கம் மாறிவிட்டது என்பது ஒன்று. கம்ப்யூட்டர் கோளாறு என்பது இன்னொன்று. மூன்றாவது இப்போது ஞாபகம் இல்லை, ஆனால் அதுதான் இருப்பதிலேயே நல்ல பொய். இருநூறு பேர் பார்க்கிறார்கள். கொட்டாவி விடாமல் பார்க்கிறார்கள். பக்கத்தில் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ இன்னும் முடியாத கதையைக் கேட்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இவர் அந்த நேரத்தில் ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்க முடியும். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவும் முடியும். ரெண்டையும் செய்யவில்லை.

“நான்தான் எழுதுனேன்” என்றேன்.

இரட்டைச் சடை உட்காரவில்லை.

“ஏன் சார்?”

“பயந்துட்டேன்.”

“யாருக்கு?”

“எங்க மொதலாளிக்கு.”

“அடிப்பாரா?”

“இல்ல. மிட்டாய் குடுப்பாரு.”

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இரட்டைச் சடை சிரிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது: “அப்ப கலெக்டர் இன்னும் கிடைக்கலையா?”

“கிடைக்கல.”

அந்த ஹாலில் எழுந்த சந்தோஷக் கூச்சலை நான் என்னவென்று சொல்ல. கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று ஒன்றை ஒன்று பிடித்து உலுக்கின. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டன. ரயில் இப்போது எங்கே போயிருக்கும் என்று சண்டை தொடங்கியது. ஒரு கோஷ்டி மதுரை என்றது, இன்னொன்று டெல்லி. நான் எழுதியது பொய் என்று தெரிந்ததும் கதை மறுபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. நான்தான் அதை மத்தியானத்துக்கும் நாலு மணிக்கும் நடுவில் கொன்று போட்டிருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் அவர்தான். கோவில்பட்டியில் இறங்கி, விளாத்திகுளம் பஸ் நிற்கிற இடம் வரை கூடவே நடந்தேன். படியில் கால் வைத்த பிறகு திரும்பினார்.

“நோட்டு ஒண்ணு வச்சிருக்கீங்களாமே.”

அந்த நோட்டு ஊருக்கே தெரியும் என்பது தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான் போல.

“என்ன எழுதியிருக்கு அதுல?”

சொன்னேன். ஐந்து சொல், தின்பண்டம், வெற்றிலை, தூக்கிய கால், எல்லாம் சொன்னேன்.

“எல்லாம் சரிதான்” என்றார். “எம்பேரப் போட்டதுக்குச் சண்டை போடணும்னு பஸ்ஸுல பூராவும் யோசிச்சேன். தெம்பு இல்ல அண்ணாச்சி. இந்த மாசத் தெம்பெல்லாம் வத்தலுக்குப் போயிட்டு. ஆட்ட நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நீங்களே தொலைச்சுட்டு வாங்க. உங்க பேர்ல. பெறகு நான் எழுதுறதா வேண்டாமான்னு பாப்போம்.”

பஸ் போய்விட்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். போஸ்டர் ஒட்டி விற்ற முடிவை இல்லை என்று சொல்ல முடியுமாவே என்றார். அப்படியானால் நான் நாளையிலிருந்து வரவில்லை என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சரி, சின்ன எழுத்துல போடும்” என்றார். நான் பெரிய எழுத்தில் போட்டேன். அதைப் பதினாறு தடவை எழுதினேன். முதல் தடவை ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கியிருந்தது. பதினாறாவது இப்படி வந்தது: ‘போன மாதம் கிடைத்தது கலெக்டர் இல்லை. அது வேறு ஆடு. பயத்தில் பிடித்து வந்தவன் நான்.’ கீழே என் பேர். இருபத்திரண்டு வருஷத்தில் பேர் போட்டு நான் எழுதியதில் பிள்ளைகள் படித்தது அது ஒன்றுதான்.

அந்த இதழ் வந்து ஒரு வாரம் வரை விளாத்திகுளத்திலிருந்து சத்தமே இல்லை. எட்டாம் நாள் தபாலில் பன்னிரண்டாவது அத்தியாயம் வந்தது. நின்றுகொண்டே பிரித்தேன். அதில் பேச்சி இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறாள். பிறகு இப்படி வருகிறது:

‘ஒரு ஆள் வந்தார். கையில் கயிறு. கயிற்றில் ஒரு ஆடு. இதுவா உன் ஆடு என்றார். இல்லை என்றாள் பேச்சி. அவருக்கு வேர்த்தது. எனக்கும் தெரியும் என்றார். பேச்சி கடலைமிட்டாயை ஒடித்தாள். பாதியை அவரிடம் கொடுத்தாள். பாதியை ஆடு தின்றது. மூன்று பேரும் ரயிலைப் பார்த்தார்கள்.’

என்னை அவர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். தொந்தியைப் போட்டிருக்கலாம், வழுக்கையைப் போட்டிருக்கலாம், ஊர்ப் பிள்ளைகளை விட்டுத் துரத்த விட்டிருக்கலாம். நானாக இருந்தால் எல்லாவற்றையும் செய்திருப்பேன். அவருடைய பழைய கதைகளை எல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பயந்துபோய் நிற்கிற ஆளைப் பார்த்து அவர் கதையில் யாரும் சிரித்ததே இல்லை. பத்து வருஷ நோட்டில் அது இல்லை.

கலெக்டர் கடைசியில் எப்படிக் கிடைத்தது என்பதை நீங்கள் பழைய இதழை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் மிட்டாயைத் தின்றாரா இல்லையா என்று மட்டும் அக்கா எழுதவில்லை. கழுகுமலைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. டீச்சர் போனிலிருந்து இரட்டைச் சடைதான் பேசியது.

“சார், அந்த ஆளு மிட்டாயத் தின்னாரா?”

“தின்னேன்” என்றேன்.